காலையில் ஒரு ‘இல்லை’

குழாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் அவள் மாடியில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிற தண்ணீர் அது. மெல்லிய துணியை நான்காக மடித்து, குழாயின் வாயில் நூல் சுற்றிக் கட்டியிருப்பாள். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாமே அதன் வழியாகத்தான் குடத்தில் விழ வேண்டும். பிடித்து முடித்ததும் துணியை அவிழ்த்து ஒரு சொம்புத் தண்ணீரில் அலசுவாள். அந்தச் சொம்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, அந்தத் தண்ணீரை வாளியில் ஊற்றி, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மெதுவாகச் சாய்ப்பாள்.

“எதுக்கு பாப்பா இவ்ளோ பாடு? அங்கயே ஊத்திட்டா ஆவாதா?” என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

“துணியில கண்ணுக்குத் தெரியாத உசுரு மாட்டிக்கிட்டு இருக்கும்மா. எங்கிருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய் விட்டுடணும்” என்றாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவார்கள். இவளும் அப்படியே. விளக்கு வைத்த பிறகு நான் எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். அதற்கு முன்னால் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஆனால் கிண்ணம் அன்றைக்கே கழுவித் திரும்பி வந்துவிடும்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகி, அது வேண்டாம் என்று ஆகி, அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து, அங்கேயும் வேண்டாம் என்று எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தாள். இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆட்களிடம் கேள்வி கேட்பது எனக்கு வராது. ஒரு நாள் அவளாகவே, “அண்ணி நல்லவங்கதாம்மா. அதனாலதான் ஜாஸ்தி நாள் இருக்கக் கூடாதுன்னு வந்துட்டேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது. அவள் பேச்சில் இது தினமும் ஒரு முறையாவது வந்துவிடும். படி ஏறுகிற சத்தம் கேட்காது. கதவு சாத்துகிற சத்தம் கேட்காது. வந்த அன்றைக்கு ஒரே ஒரு பைதான் கொண்டுவந்தாள். அதில் லேப்டாப், மூன்று செட் துணி, ஒரு குக்கர், இந்த வடிகட்டுகிற துணி. மின்விசிறியைக் கூட, தான் இருக்கிற மூலைக்கு வேண்டாத போது நிறுத்திவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள். “இன்னா யக்கா, உன் மாடி வீட்டுப் பஞ்சு இன்னிக்குக் காத்துல பறந்து போயிடலியே?” என்று மதில் மேலாகக் கேட்பாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வேன்.

ஒரு பெண் தனியாக அறையில் உட்கார்ந்து நாள் முழுவதும் என்ன செய்கிறாள் என்று தெருவில் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தூண்டிவிட்டாள். நான் ஒரு தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு, அதைச் சாக்காக வைத்து மேலே போனேன். லேப்டாப்பில் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் எறும்பு மாதிரி மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“இன்னா வேலை பாப்பா இது?”

“கடை கடையாப் போயி விலை கேட்டுட்டு வர்ற வேலைம்மா.”

“நீதான் ரூமை வுட்டே இறங்கறதில்லியே.”

“நான் போறதில்ல. இது போவும்.” திரையைக் காட்டினாள். “நெட்டுல கடைங்க இருக்குது இல்ல, அதுங்களுக்குள்ள இது போயி, இன்னிக்கு இந்த மிக்சி இன்னா விலை, அந்த ஃபேன் இன்னா விலைன்னு படிச்சி எழுதிக்கிட்டு வரும். அதைக் கேக்கறவங்களுக்கு நான் அனுப்புவேன்.”

“எங்க காணோமே, அந்தக் கடை?”

அப்போதுதான் விளக்கிச் சொன்னாள். நாம் போனிலோ லேப்டாப்பிலோ ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் என்கிற ஒன்று அந்தப் பக்கத்தை நமக்காக வரைந்து காட்டுகிறதாம். படம், கலர், விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து. இவள் வேலையில் பார்க்கிற ஆள் கிடையாது. எழுத்து கிடைத்தால் போதும். “பாக்க ஆளே இல்லாத வாசல்ல எதுக்கும்மா கோலம்? அதனால இது வரையாது. பக்கத்தைத் திறக்கும், பட்டனை அமுக்கும், ஃபாரம் இருந்தா நிரப்பும், படிக்கும், மூடிட்டு வந்துடும். ஆனா கண்ணுக்கு எதையும் காட்டாது. இதுக்குத் தலை கிடையாது. தலை இல்லாத பிரவுசர்னுதான் இந்த வேலையில பேரே.”

முறுக்கை வைத்துவிட்டுக் கீழே வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் விடுவாளா. “தலை இல்லாத முண்டத்தைக் கடைக்கு அனுப்பறாளா? நல்ல ஆளைத்தான் வெச்ச யக்கா” என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அது வரை அவள் வைத்திருந்தது பெரிய பிரவுசராம். தலை இல்லாவிட்டாலும் உடம்பு கனம். நாலைந்தை ஒன்றாக ஓட விட்டாலே லேப்டாப் விசிறி கிரைண்டர் மாதிரி கத்தும். சத்தம் கீழே எனக்கே கேட்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அவள் என்னைக் கூப்பிட்டு, என் உள்ளங்கையை எடுத்து லேப்டாப் மேல் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்கம்மா. நாப்பது ஓடுது. சூடே இல்ல. புதுசா ஒண்ணு வந்திருக்குது. வேண்டாதது ஒண்ணுமே அதுல கிடையாது. உடம்பே இல்லாத மாதிரி ஓடுது.”

உடம்பே இல்லாத மாதிரி என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். தன்னைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

அடுத்தவர் இயந்திரத்துக்கும் அவள் பாரமாக இருக்கமாட்டாள். ஒரு நாள் போனில், வேலை கொடுத்த யாரோ ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். போனை அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. வேறு ஆட்கள் ஒரு மணி நேரத்தில் தருவதை நீ ஏன் ஒரு நாள் இழுக்கிறாய் என்று அவர் கேட்டார்.

“ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவுல அஞ்சாறு நொடி விடுவேன் சார். அந்தக் கடை சின்னக் கடை. அவங்க மெஷின் தாங்காது. நாம போயி விழுந்தா, வாங்க வந்தவங்களுக்குத் திறக்காம போயிடும்.”

“அவன் மெஷினைப் பத்தி உனக்கு இன்னாம்மா?”

“இல்ல சார், அப்படிச் செய்யமாட்டேன்.”

அந்த வேலை போய்விட்டது. ஒரு வெப்சைட்டில், இந்தப் பக்கத்துக்குள் இயந்திரம் வரக் கூடாது என்று எழுதி வைத்திருந்தால் அதற்குள்ளும் போகமாட்டாள். பூட்டு இல்லையே, எழுத்துதானே என்று கேட்டேன். “எழுதி வெச்சா போதாதாம்மா?” என்றாள்.

என் வீட்டுக்காரர் சமாச்சாரத்தை அவளுக்கு நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், சித்திரைப் பௌர்ணமி அன்று, கிரிவலத்தில் அவரைத் தொலைத்தேன். அவருக்கு மறதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் பெயரை மறந்துவிட்டார், வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் முப்பது வருஷம் வேலை செய்ததை மறந்துவிட்டார், ஆனால் பௌர்ணமி அன்று கால் தானாகக் கிளம்பும். சாயங்காலம் அவரோடு நானும் நடந்தேன். ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க எனக்குக் கூச்சம். இந்த வயதிலும். அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அடி அண்ணாமலைக் கிட்டே கூட்டம் நெருக்கியது. நான் ஒரு பக்கம் தள்ளப்பட்டேன். நிமிர்ந்தபோது துண்டு என் கையில் இருந்தது, அவர் இல்லை. மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். அவருக்கே தெரியாத பெயரை மைக்கில் சொல்லி என்ன ஆகும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை வாசல் வரைக்கும் போய், நிற்கிற ஆண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர். “அடையாளம் தெரியாத பொணம் கெடைச்சா ஒவ்வொரு ஜில்லாவும் நெட்டுல போடுவாங்கம்மா. யாரையாவது வெச்சிப் பாத்துக்கோ” என்று சொல்லியிருந்தார். யாரை வைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் நின்று, போகிற முகங்களைப் பார்த்துவிட்டு வருவேன். யாரிடமும் கேட்கமாட்டேன்.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அவள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அம்மா, ஐயாவைப் பத்தி நாலு விஷயம் சொல்லுங்க. வயசு, உயரம், உடம்புல எதுனா அடையாளம்.”

மல்லாட்டை உடைக்கிற மிஷினில் மாட்டி, இடது கை மோதிர விரல் நுனி போனதைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

“எல்லா ஜில்லா லிஸ்டையும் தினம் ஒரு தடவை இது போய்ப் படிச்சிட்டு வரட்டும். அதுல வயசு, இடது கை, விரல்னு வந்தா எனக்குச் சொல்லும். அவங்களுக்கும் பாரம் இல்ல, விடியக்காலையில சும்மாதான் இருக்கும் அந்த மெஷினுங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “லிஸ்டுல போட்டோவும் இருக்கும்மா. செத்தவங்க மூஞ்சி. இப்ப இதுல படம் வராது, எழுத்து மட்டும்தான். வேணும்னா படத்தையும் எடுக்கற மாதிரி பண்ணலாம். கனம்தான். ஆனா பண்ணலாம்.”

“வேணாம் பாப்பா” என்றேன். “ஒத்தையில இருக்கிற. அந்த மூஞ்சிங்களை எல்லாம் பாத்துட்டு எப்படிச் சோறு தின்னுவ? எழுத்து போதும். விரல் இல்லன்னு எழுதாமயா வுட்டுடுவாங்க?”

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். “நெசமா வேணாமா?”

“வேணாம்.”

“சரிம்மா. எழுத்து மட்டும் பாக்கறேன்.”

அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். அது பாதிதான். மற்ற பாதி, அந்தப் படங்களுக்கு நடுவே அவர் முகம் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு அவள் பாதிப் படி இறங்கி வந்து நிற்பாள். நான் முற்றத்தில் அரிசி பார்ப்பது போலவோ கீரை ஆய்வது போலவோ உட்கார்ந்திருப்பேன். தலையைத் தூக்கமாட்டேன்.

“இல்லம்மா” என்பாள்.

“சரி பாப்பா” என்பேன்.

அவ்வளவுதான். அவள் ஏறிப் போய்விடுவாள், நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பேன். செத்தவர்கள் கணக்கில் அவர் இல்லை. அப்படியென்றால் எங்கேயோ ஒரு மரத்தடியில், ஒரு சத்திரத்தில், யாரோ கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு நாளை ஓட்டிவிடுவேன். ஸ்டேஷன் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன். எதற்குப் போக வேண்டும், அதுதான் தினமும் போகிறதே. “உனக்குக் காலைக் காபியே அந்த ‘இல்ல’தானா யக்கா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஒரே ஒரு நாள் அவள் பதினொரு மணி வரைக்கும் இறங்கவில்லை. நான் முற்றத்தை விட்டு எழவில்லை. அவள் வந்து, “இல்லம்மா. ஒருத்தர் வந்தாரு, ஆனா வலது கை. அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நல்லாக் கேட்டுட்டேன். உறுதியாத் தெரியாம உங்க தலையில ஏத்தக் கூடாதுன்னுதான் லேட்டு” என்றாள். தலை இல்லாதது வலது கையையும் இடது கையையும் பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறது என்று எனக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. அதன் பிறகு முண்டம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவளுக்கு ஒரு முறை கடுமையான காய்ச்சல். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நின்றாள்.

“படுத்துக் கெடக்கலாமில்ல?” என்றேன்.

“நீங்க அடுப்பு பத்தவெக்காம உக்காந்திருப்பீங்களே” என்றாள்.

நான் அரிசி பார்ப்பது நடிப்பு என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, “இல்லம்மா” என்று சொன்னவள் உடனே ஏறவில்லை. “ஒரு ஜில்லா மட்டும் திறக்கல. வெப்சைட்டை மாத்தி இருக்காங்க போல. இன்னிக்கு அதைப் பெரிய பிரவுசர்ல போட்டு, என் கண்ணால ஒரு தடவை பாத்துடறேன்” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே லேப்டாப் விசிறி கத்த ஆரம்பித்தது. ரொம்ப நாள் கழித்துக் கேட்கிற சத்தம். மதியம் வரைக்கும் நிற்கவில்லை. குழாயில் துணி கட்டவில்லை. நான்கு மணிக்கு மாவு கரைத்து இரண்டு தோசை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். திரையில் ஒரு தாளின் படம் இருந்தது. அவள் அதை நகர்த்தினாள், இன்னொரு தாள் வந்தது. அதை நகர்த்தினாள், இன்னொரு தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோசை அப்படியே இருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் இறங்கி வந்தாள். எப்போதும் பாதிப் படியில் நிற்பவள், கடைசிப் படியில் உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப்.

“அம்மா. இருக்கு” என்றாள்.

எனக்கு உறைக்கவில்லை. “இன்னா இருக்கு?” என்றேன்.

அந்த ஜில்லாவில் முன்பெல்லாம் விவரத்தை எழுத்தாக அடித்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம், போன பங்குனியிலிருந்து, ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, அந்தத் தாளையே போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். வயது, உயரம், அடையாளம் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது.

“நம்மளுது படத்தைத் தொடாதும்மா. மேல தலைப்பு மட்டும் எழுத்தா இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு, விரல்னு ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு. தினம் போச்சு, தினம் இல்லன்னு வந்துடுச்சு.”

“எப்போ?” என்றேன்.

“ஆடியிலம்மா.”

லேப்டாப்பை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இல்லை. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவள் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பெயர் விலாசம் தெரியாத ஆண். வயது சுமார் எழுபது. பேருந்து நிலையத்தில் இறந்து கிடந்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கி. சட்டை இல்லை. இடது கை மோதிர விரலின் நுனி இல்லை. ஏழு நாள் வரைக்கும் பிணவறையில் வைத்திருந்து, யாரும் வராததால் அடக்கம் செய்யப்பட்டது என்று கீழே வேறு மையில் எழுதியிருந்தது.

அதற்கும் கீழே திரையை அவள் உள்ளங்கையால் மறைத்திருந்தாள்.

“போட்டோ இருக்கும்மா. கையை எடுக்கட்டுமா?”

நானே அவள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினேன்.

தாடி வளர்ந்திருந்தது. எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் தாடி விட்டு நான் பார்த்ததில்லை. அது அவருக்கு நன்றாகவே இல்லை.

ஆடியில் அந்த ஏழு நாட்கள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். தெருவில் கூழ் ஊற்றினார்கள். அன்று காலை அவள் ‘இல்லம்மா’ என்று சொன்ன பிறகு போய் வரிசையில் நின்று, இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தேன். தொட்டுக்கொள்ளக் கொடுத்த முருங்கைக்கீரை கூட நன்றாக இருந்தது. அவர் அங்கே ஒரு பலகையில் யாராவது வருவார்கள் என்று கிடந்தார்.

“எல்லாம் என் தப்பும்மா” என்றாள் அவள். அழவில்லை. அழுதால் எனக்குப் பாரம் என்று நினைத்திருப்பாள். “கனம் கம்மியா இருக்கட்டும்னு படத்தை வேணாம்னு வுட்டது நான்தான். தினம் வந்து சொன்னதும் நான்தான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கண்ணால பாத்திருந்தா, ஐயா மூஞ்சியை நீங்க நேர்ல பாத்திருப்பீங்க. கொள்ளி வெச்சிருக்கலாம்.”

நான் வாயைத் திறந்தேன். படம் வேண்டாம் என்றது நான். நெசமா வேணாமா என்று நீ ரெண்டாந்தரம் கேட்டாய், அப்போதும் வேணாம் என்றது நான். இதுதான் சொல்ல வேண்டியது. நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னதை அவள் மறந்துவிட்டாளா, இல்லை எனக்குப் பாரம் ஆகக் கூடாது என்று மறைத்துவிட்டுப் பேசுகிறாளா, எனக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடி அவளிடம் கொடுத்தேன்.

மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்கு இருவரும் போனோம். ஸ்டேஷனில் அவளே பேசினாள், தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வெளியே ஓடை ஓரத்தில் இருந்தது இடுகாடு. குழி வெட்டுகிறவர் எங்களைக் கூட்டிப்போனார்.

“ஏழு மாசம் ஆச்சா? மழைக்கு மேடெல்லாம் கரைஞ்சி தட்டையாயிடுச்சும்மா. இந்த வரிசைதான். இதுல மூணு பேரு” என்றார்.

“இதுல எது?” என்று அவள் கேட்டாள்.

“எதுன்னு இன்னாத்த சொல்ல. அந்த மாசம் மூணு பேருக்குமே ஆளு இல்ல. மூணு பேருக்கும் சேத்துக் கும்புட்டுக்குங்க, தப்பில்ல.”

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கொண்டுபோன துண்டு பையில் இருந்தது. எடுத்து விரித்தேன். எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் நடு இடத்தில் போட்டேன். அது மூன்றுக்கும் போதவில்லை. அவள் தள்ளி, ஓடைக் கரையில் நின்றாள். பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லி நான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு காலையில் அவள் இறங்கி வரவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது. நானும் அரிசி பார்க்க உட்காரவில்லை. மேலே விசிறி மட்டும் விடாமல் கத்தியது. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எல்லா ஜில்லாவின் படங்களையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். விலை கேட்கிற வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

“யாருக்கு பாப்பா இது?”

“இவங்களுக்கும் காலையில உக்காந்திருக்கறவங்க இருப்பாங்களேம்மா” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

தட்டில் காலையில் வைத்த சோறு காய்ந்து கிடந்தது. அந்த மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு எப்படிச் சோறு தின்பாய் என்று கேட்டேனே, அது பலித்துவிட்டது. லேப்டாப்பைத் தொட்டேன். அடுப்புக் கல் மாதிரி சுட்டது.

“அந்தப் பொண்ணு எலும்பாப் போறா யக்கா. நீயாவது கூப்ட்டு உக்கார வெச்சி ரெண்டு வார்த்தை பேசு” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்போது அவள் பஞ்சு என்று சொல்லவில்லை.

பேசலாம் என்று மூன்று முறை படி ஏறினேன். ஒரு முறை கதவு வரைக்கும் போனேன். ஸ்டேஷன் வாசலில் திரும்பிய மாதிரியே திரும்பினேன்.

பங்குனி முடிவதற்குள் கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, “ஒரு எடம் பாத்திருக்கேம்மா” என்றாள். அண்ணன் வீடு இல்லை என்று மட்டும் புரிந்தது. தோளில் அதே ஒரு பை. அறையைக் கூட்டித் துடைத்திருந்தாள். சுவரில் அவள் அடித்த ஒரு ஆணியையும் பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தாள்.

முற்றத்தில் நின்றோம். படம் வேண்டாம் என்றது நான் என்கிற அந்தச் சொல் அப்போதும் என் நாக்கில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் போதும் அதைச் சொல்ல.

“சாப்ட்டியா பாப்பா?” என்றேன்.

“ஆச்சும்மா” என்றாள். பொய் என்று தெரியும். காலையிலிருந்து குக்கர் சத்தம் கேட்கவில்லை.

போனாள். சத்தமே இல்லாத நடைதான், ஆனால் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். வந்த அன்றைக்கு அதே பையை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வந்தவள்.

கிணற்று மேடையில் வடிகட்டுகிற துணி துவைத்து, மடித்து இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். அதை நான் இன்னும் எடுத்துக் கட்டவில்லை. காலை ஏழு மணிக்கு முற்றத்தில் உட்காருகிறேன், படியைப் பார்க்கிறேன். உலகத்தில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இருந்தவள், என்னுடையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இறக்கி வை என்று நான் சொல்லவில்லை.